மீடியா சர்வரைக் காணோம்!

பாம்பன், மண்டபம் பக்கம் கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் போதும், பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோலின் திரையில் மீடியா சர்வர் (கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை வீட்டு நெட்வொர்க் வழியே அனுப்பும் மென்பொருள்) மாயமாகிவிடும். கம்ப்யூட்டர் ஓடுகிறது, வைஃபை இருக்கிறது. அப்புறம் என்னதான் கேடு?

ரூட்டரை மாற்றியிருந்தால் இன்னும் மோசம். விண்டோஸ் அதை ‘பப்ளிக்’ நெட்வொர்க் என்று முடிவுகட்டிவிடும். அதன் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால், யுடிபி 1900 என்ற நெட்வொர்க் வாசலை (போர்ட்) அடைத்துவிடும்; கன்சோல் சர்வரைத் தேடும் வழியே அதுதான்! ‘பிரைவேட்’ ஆக்கு, மீடியா ஸ்ட்ரீமிங்கை ஆன் பண்ணு, சர்வரை மூடித் திற, கன்சோலில் மறுபடி தேடு. ஒரு படம் பார்க்க இத்தனையா?

சர்வர் கிடைத்தாலும் படம் ஓடுமா? ‘அன்சப்போர்ட்டட் டேட்டா’ என்று மூஞ்சியில் அடிக்கும். உள்ளே இருப்பது கன்சோல் ஓட்டக்கூடிய எச்.264 வீடியோ தான், ஆனாலும் எம்கேவி என்ற ஃபைல் உறையைப் பார்த்தாலே திறக்காது. எம்பி4 ஆக ரீமக்ஸ் செய்து (வீடியோவைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றி), ஒலியை ஏஏசி வடிவத்துக்கு ஆக்கித் தொலைக்க வேண்டும். சர்வரே மாற்றிக் கொடுக்கட்டும் என்றால் பழைய டூயல் கோர் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டிச் சாகிறது.

கன்சோலின் வைஃபையோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 54 எம்பிபிஎஸ் என்று பேர், பாதிகூட வராது. கேபிள் போட்டால் உப்புக்காற்று ஆர்ஜே45 (கேபிள் முனையில் இருக்கும் பிளக்) பின்களில் களிம்பேற்றி இணைப்பை விட்டுவிட்டு அறுக்கும். முனையை வெட்டிப் புது பிளக்கை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் பண்ணு, அடுத்த முனையையும் பண்ணு. கடலோரத்தில் குடியிருந்தால் கிரிம்பிங் டூலும் ரிமோட் பக்கத்திலேயே கிடக்க வேண்டுமா?