கல்லைத் தட்டினால் சில்லு எங்கே?

உயிர்பிழைப்பு கேம்களில் கற்காலம் என்பது அரைமணி நேரச் சமாச்சாரம். வெறுங்கையால் மரத்தைக் குத்திக் கட்டை எடுக்க வேண்டியது, தரையில் கிடக்கும் கல்லைப் பொறுக்க வேண்டியது, செய்முறைப் பட்டியலைத் திறந்து ஒரு தட்டு. பிக்காசு தயார். ஆர்க் விளையாட்டில் ஒரு கல், ஒரு கட்டை, பத்துக் கூரைப்புல். மைன்கிராஃப்டில் மூன்று கல், இரண்டு குச்சி. அந்தப் பிக்காசு 131 தடவை உழைத்துவிட்டு ஒரு சத்தத்தோடு மறைந்துபோகும். அதற்குள் இரும்பு கைக்கு வந்திருக்கும் என்பதால் யாரும் அதற்காகக் கண்ணீர் விடுவதில்லை.

கால அளவு தப்பாக இருக்கிறது என்பது என் குறை அல்ல. கென்யாவில் துர்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வியில் கிடைத்த கல் கருவிகளுக்கு 33 லட்சம் வயது, இரும்பு நேற்று வந்தது, அதனால் நூறு மணி நேரம் கல்லையே உடைத்துக்கொண்டிரு என்றால் எந்தப் பிள்ளை விளையாடும்? என் குறை வேறு. கல்லைத் தட்டினால் பெயர்ந்து விழுமே ஒரு சில்லு, அது எங்கே போகிறது?

கல்லை எப்படி உடைப்பார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதற்கு இவ்வளவு குதிக்கிறேன் என்று புரியாது. இடது கையில் உடைக்க வேண்டிய கல். வலது கையில் உருண்டையான, கெட்டியான சுத்தியல் கல். உடைக்கும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 90 பாகைக்குக் குறைவான ஒரு விளிம்பைத் தேட வேண்டும். விளிம்பின் நுனியிலேயே அடித்தால் பொடிப்பொடியாக நொறுங்கும். ரொம்ப உள்ளே தள்ளி அடித்தால் கைதான் அதிரும், கல் அசையாது. விளிம்பை ஒட்டி, துளி உள்ளே, சரிவான அடியாக விழ வேண்டும். சரியாக விழுந்தால் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய ஏடு பெயர்ந்து வரும். ஜன்னல் கண்ணாடியில் கவண் கல் பட்டால் மறுபக்கம் கூம்பாகத் தெறிக்கிறதே, அதே இயற்பியல்தான். சில்லின் உள்பக்கத்தில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே, ஒரு சின்ன மேடு நிற்கும். ஆள் உடைத்த கல்லா, ஆற்றில் உருண்டு தானாக உடைந்த கல்லா என்று பார்க்கும்போது தொல்லியல்காரர்கள் முதலில் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சில்லின் ஓரம் அஜாக்கிரதையாகத் தொட்டால் விரலைப் பதம் பார்த்துவிடும். ஆரம்பகாலத்தில் தோல் கிழித்ததும் கறி அறுத்ததும் பெரும்பாலும் இதுதான். கையில் மிஞ்சும் கல்லைத்தான் கருவி என்று ரொம்ப காலம் ஆராய்ச்சியாளர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிக்கோலஸ் டோத் என்ற தொல்லியல் ஆய்வாளர் தானே உட்கார்ந்து உடைத்துப் பார்த்து, பல நேரம் அந்தக் கல் வெறும் மிச்சம், தேடியது சில்லைத்தான் என்று 1980களில் எழுதினார்.

அதே டோத் 1990இல் கான்சி என்ற போனபோ குரங்குக்குக் கல் உடைக்கக் காட்டிக்கொடுத்தார். கயிறு கட்டிய பெட்டிக்குள் தின்பண்டம். கயிற்றை அறுத்தால் கிடைக்கும். கான்சி கொஞ்ச நாள் கல்லோடு கல்லை மோதிப் பார்த்தது. அப்புறம் கல்லைத் தூக்கிக் கெட்டித் தரையில் ஓங்கி எறிந்தது. தெறித்ததில் கூரானதாக ஒரு சில்லைப் பொறுக்கிக்கொண்டு கயிறு அறுக்கப் போனது. எது கருவி, எது குப்பை என்று அந்தக் குரங்குக்குத் தெரிந்திருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கேம் எடுப்பவர்களுக்குத் தெரியவில்லை.

ஃபார் க்ரை ப்ரைமலை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்தது, கதை நடப்பது கி.மு. 10,000இல். எனக்குப் பிடித்த கேம், அதில் சந்தேகமே இல்லை. பாத்திரங்கள் பேசுவதற்கென்றே கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஆண்ட்ரூ பேர்டையும் பிரென்னா பேர்டையும் பிடித்து, தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியை அடியொற்றி ஒரு பேச்சையே உருவாக்கினார்கள். அவ்வளவு சிரத்தை! ஆனால் ஆயுதம் செய்ய ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். மொழிக்கு இரண்டு பேரைத் தேடியவர்கள் கல்லுக்கு ஒருவரைத் தேடியிருக்கக் கூடாதா?

வின்டேஜ் ஸ்டோரி கொஞ்சம் மேல். அதில் கல்லைத் தரையில் வைத்து, கத்தியா கோடரியா என்று முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, சதுரம் சதுரமாகத் தெரியும் அந்தக் கல்லில் வேண்டாத சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி நீக்க வேண்டும். எல்லாக் கல்லும் உதவாது. சிக்கிமுக்கிக் கல் சரி, சுண்ணாம்புக் கல் ஆகாது. தட்டுகிற சத்தம் கேட்கவே சுகமாக இருக்கும். ஆனால் தட்டிய சதுரம் காற்றில் போய்விடுகிறது. பாதி நல்ல கேம்.

மனசுக்கு நெருக்கமானது ஆன்சஸ்டர்ஸ்: த ஹியூமன்கைண்ட் ஒடிசி. அசாசின்ஸ் க்ரீட் முதல் பாகத்தை இயக்கிய பத்ரிஸ் தெசிலேயின் குழு 2019இல் வெளியிட்டது. ஒரு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆப்பிரிக்காவில் குரங்குக் கூட்டமாகத் தொடங்கி 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை வரலாம். பட்டியல் கிடையாது, செய்முறை கிடையாது. ஒரு கையில் ஒரு கல், மறு கையில் இன்னொன்று. பொத்தானை அழுத்திப் பிடித்து, சரியான நொடியில் விட வேண்டும். தவறினால் வேலை ஆகாது. அதைவிட அழகு, குட்டியைச் சுமந்துகொண்டு செய்தால்தான் கற்றது கூட்டத்துக்குச் சேரும். தனியாளாகக் காட்டில் எதைச் செய்தாலும் வீண். பலர் இதை இம்சை என்று திட்டினார்கள். எனக்கு அந்த கேமிலேயே மிக நேர்மையான விஷயம் இதுதான். இந்த வித்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் அல்லவா லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்கியது! ஆனால் சில்லு இங்கேயும் கணக்கில் இல்லை.

கைப்பிடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கேம்களில் முதல் கோடரிக்கே காம்பு உண்டு. நிஜத்தில் கல்லைக் காம்பில் பூட்டும் வித்தை சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது. அதற்கு முந்தைய முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு உள்ளங்கைதான் காம்பு.

“அண்ணே, கேம்தானே, விட்டுத்தள்ளுங்க” என்று கமெண்ட் வரும், தெரியும். தூண்டில் போட்டு மீன் பிடிக்க கேமில் எத்தனை நுணுக்கம் வைக்கிறார்கள், தூண்டில் நரம்பு இழுபடுகிறது, கட்டுப்பாட்டுக் கருவி கையில் அதிர்கிறது. அதில் பாதியைக் கல்லுக்குக் கொடுத்தால் போதும். எந்த விளிம்பு, எவ்வளவு சரிவு, எவ்வளவு வேகம். விழுந்த சில்லுகள் தரையிலேயே கிடக்கட்டும், தேவையானதை நான் பொறுக்கிக்கொள்கிறேன். உடைந்த கருவி மறையவும் வேண்டாம். ஓரம் மழுங்கினால் திரும்பத் தட்டிக் கூராக்கிக்கொள்ளலாம்.

அடுத்த கட்டத்துக்கு இரும்புக்குத் தாவ வேண்டிய அவசியமும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டிய இடத்திலேயே ஒரு நல்ல படிநிலை இருக்கிறது. கீழடுக்குகளில் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான பெரிய கைக்கோடரிகள். மேலே வரவர அவை குறைந்து, 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு முறை தலைகாட்டுகிறது. கல்லைச் சுற்றிலும் முன்கூட்டியே செதுக்கித் தயார் செய்து வைத்து, கடைசியில் ஒரே அடி. நினைத்த வடிவத்தில் சில்லு கழன்று வரும். முதல் இருபது அடியும் அந்தக் கடைசி அடிக்காகத்தான். கேம் வடிவமைப்பவர் இதைப் பார்த்தால் எச்சில் ஊற வேண்டாமா?

இப்படி ஒரு கேம் ஏற்கெனவே இருந்தால் பெயரைப் போடுங்கள், ஏற்கெனவே உள்ள கேமை ஆட்டக்காரர்கள் மாற்றிச் செய்த மோட் ஆனாலும் பரவாயில்லை. மைன்கிராஃப்ட் மோடான டெர்ராஃபர்மாகிராஃப்ட்டை மட்டும் சொல்ல வேண்டாம், ஆடிப் பார்த்தாகிவிட்டது. அதிலும் சில்லு இல்லை.