மூன்று நாள்கூடத் தாங்கவில்லை

ஓநாய் வேட்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்கு எதிரி இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கூட வேலை பார்க்கும் ஒருவர் தான் சுட்ட மானின் கறியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுத்தோம். அடுத்த வருடம் நானே வெட்கமில்லாமல் கேட்டு வாங்கினேன். ஆகவே "கறி தின்கிறவன் இதைப் பேசலாமா" என்று யாரும் கீழே கருத்து எழுத வர வேண்டாம். தின்கிறவன்தான் பேசுகிறேன்.

இங்கே ஓநாய்ப் பேச்சை யார் எடுத்தாலும் அது 2021 பிப்ரவரியில் வந்து நிற்கும். அந்த ஜனவரி 4ஆம் தேதி, அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களுக்கான மத்திய அரசின் பட்டியலிலிருந்து சாம்பல் ஓநாயை எடுத்துவிட்டார்கள். விஸ்கான்சினில் 2012இல் கையெழுத்தான ஒரு சட்டம் உண்டு. அந்தப் பட்டியலில் ஓநாய் இல்லையென்றால் மாநிலம் வேட்டை நடத்தியே ஆக வேண்டும். "நடத்தலாம்" இல்லை, "நடத்த வேண்டும்". மாநில இயற்கை வளத் துறை நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. கன்சாஸைச் சேர்ந்த வேட்டைக்காரர் அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போனது. உடனே நடத்துங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. பத்துப் பதினைந்து நாளில் எல்லா ஏற்பாடும் அவசர அவசரமாக நடந்தது.

மொத்தம் 200 ஓநாய் என்று முடிவு செய்தார்கள். அதில் 81 ஓஜிப்வே பழங்குடி மக்களின் பங்கு. 1837, 1842 ஒப்பந்தங்களில் வடக்கு விஸ்கான்சின் நிலத்தைக் கொடுத்தபோதும் வேட்டையாடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் வந்த பங்கு. மீதி 119தான் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு. திங்கட்கிழமை, பிப்ரவரி 22, வேட்டை தொடங்கியது. ஒரு வாரம் நடக்க வேண்டியது. புதன்கிழமை பிற்பகலில் இழுத்து மூடியபோது விழுந்திருந்தவை 218.

இந்தக் கணக்கில் என்னை அதிகமாக உறுத்துவது அந்த 81தான். ஓஜிப்வே மொழியில் ஓநாய்க்கு மையீங்கன் என்று பெயர். உலகம் தோன்றியபோது முதல் மனிதனுக்குத் துணையாக மையீங்கன் கூட நடந்ததாம், இருவருமாகச் சுற்றித்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்களாம். பிறகு வழி பிரிந்தபோது, ஒருவருக்கு நேர்வதே மற்றவருக்கும் நேரும் என்று சொல்லப்பட்டதாம். அப்படிப்பட்ட உடன்பிறப்பை யார் சுடுவார்கள்? தங்கள் பங்கை அவர்கள் சுடாமலே விட்டார்கள், உயிரோடு இருக்கட்டும் என்று. பந்தியில் ஒருவர் இன்று விரதம் என்று இலையைத் தொடாமல் வைத்திருக்க, பக்கத்து ஆள் தன் இலையை வழித்துவிட்டு அந்த இலையையும் இழுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அது போதாதென்று மேலே 18 வேறு.

வேட்டைக்காரர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 119 ஓநாய்க்கு 1,500க்கும் மேற்பட்ட லைசென்ஸ் கொடுத்தது யார்? ஓர் ஓநாய்க்கு இத்தனை லைசென்ஸ் என்று வழக்கமாக வைக்கும் வரம்பையே இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். வேட்டையை நிறுத்தவும் 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம். எண்ணிக்கை தாண்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். புதுப் பனி வேறு விழுந்திருந்தது, தடம் அப்படியே தெரியும். இரவிலும் வேட்டையாடலாம். நாய்களை விட்டு ஓநாயைத் துரத்தவும் அனுமதி. கொல்லப்பட்டவற்றில் 100க்கு 86 நாய்களை வைத்துப் பிடித்தவை. மான் சுடுகிறவர் மரத்தின் மேல் பரண் கட்டி விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார், அதில் ஒரு பொறுமை இருக்கிறது. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிய நாய்க்கூட்டத்தை ஏவிவிட்டு வண்டியில் பின்னால் போவதை அதே பெயரால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

"என்ன குறைந்துபோய்விட்டது? ஆயிரம் இருந்தது, அடுத்த குளிர்காலத்து மதிப்பீட்டிலும் 972 இருந்ததே" என்பார்கள். உண்மைதான், இனம் அழிந்துவிடவில்லை. ஆனால் ஓநாய் மூட்டை கணக்கில் எண்ணுகிற சரக்கு இல்லை. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும், வருடத்துக்கு ஒரே ஈற்று. இணை சேரும் காலம் பிப்ரவரியை ஒட்டி, குட்டி பிறப்பது ஏப்ரலில். தாயோ தகப்பனோ அந்த நேரத்தில் போய்விட்டால் அந்த வருடம் அந்தக் கூட்டத்தில் குட்டியே இல்லாமல் போகலாம், கூட்டமே சிதறவும் சிதறலாம். சினையாக இருந்தவை எத்தனை என்று இன்றுவரை உறுதியான கணக்கு கிடையாது. மான் வேட்டைக்கு இப்படி ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் இதே வேட்டைக்காரர்களே முதலில் சண்டைக்கு வருவார்கள்.

மாட்டுப் பண்ணைக்காரர்களின் கோபம் வேறு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் தாத்தா கிடை போட்டவர். ஓர் ஆடு குறைந்தாலும் அன்று வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச முடியாது. கன்றை இழந்தவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், கொடுக்கிறார்கள். (கரடி வேட்டைக்குப் போன நாயை ஓநாய் கடித்துக் கொன்றாலும் 2,500 டாலர் வரை உண்டு. ஓநாய் இருக்கிற காட்டுக்குள் நாயை அவிழ்த்துவிட்டது யார் என்று கேட்கக்கூடாது.) பட்டியில் திரும்பத் திரும்ப வாய் வைக்கிற ஓநாயைப் பிடிப்பது வேறு, எந்த மாட்டையும் ஏறெடுத்துப் பார்க்காமல் காட்டின் நடுவில் கிடக்கிற கூட்டத்தை நாய் விட்டுக் கலைப்பது வேறு.

அப்புறம் "மானையெல்லாம் ஓநாய் தின்றுவிடுகிறது" என்கிற புலம்பல். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைத்தான் நமக்குத் தெரியும். இங்கே மானுக்காக அழுகிறவர்கள் கையில் துப்பாக்கி! நவம்பர் இரவில் இந்த ஊர்ச் சாலைகளில் வண்டி ஓட்டிப் பாருங்கள், மான் பஞ்சமா என்று தெரியும். எனக்கே ஒருமுறை முன்பக்க பம்பர் போயிற்று. ஓநாய் திரும்பி வந்த மாவட்டங்களில் மான் மோதும் விபத்துகள் சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஓநாய் சாலையையும் ஓடைக்கரையையும் பிடித்துக்கொண்டு நடக்கும், அதனால் மான் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

இந்த மாநிலம் 1865இலிருந்து 1957வரை ஓநாய்த் தலைக்குப் பணம் கொடுத்தது. 1960 வாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. எழுபதுகளில் பக்கத்து மினசோட்டாவிலிருந்து தானாகவே நடந்து திரும்பின. ஆயிரமாக ஐம்பது வருடம் ஆகவில்லை என்றாலும் கிட்டத்தட்ட அவ்வளவு. 218 போக மூன்று நாள்கூட ஆகவில்லை.

2022 பிப்ரவரி 10ஆம் தேதி கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிமன்ற நீதிபதி இங்குள்ள ஓநாய்களுக்கு மறுபடி பாதுகாப்பு கொடுத்தார். 2024 ஏப்ரலில் அதை எடுத்துவிடும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 209-க்கு 205 என்று நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. நான்கு ஓட்டு வித்தியாசம். பட்டியலிலிருந்து ஓநாய் மறுபடி வெளியே வந்தால் யாரும் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை, 2012இன் சட்டம் காத்திருக்கிறது. அதில் அந்த "வேண்டும்" என்பதை மட்டும் "லாம்" என்று மாற்றச் சொல்லி எங்கள் தொகுதி மாநில உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். மான் கறி கொடுக்கும் நண்பரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். நவம்பர் மான் வேட்டை முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.