சோழமண்டலம் தனியே சுமப்பது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கோ முட்டுக்காட்டுக்கோ விரைகிறவர்களில் பெரும்பாலோர் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தின் பெயர்ப்பலகையைக் கவனிப்பதில்லை. இந்திய நவீனக் கலை வரலாற்றில் ‘மெட்ராஸ் இயக்கம்’ என்ற பெயரில் இடம்பெற்றுவிட்ட, சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் வேர்விட்ட ஒரு மரபுக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 2009-இல் திறக்கப்பட்ட அது, ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே முன்னின்று எழுப்பியது. அதை நினைத்துப் பெருமைப்படுகிறேன். அதே வேளையில், ஒரு மாநகரமும் ஓர் அரசும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பை இன்னும் எத்தனை காலம் அவர்கள் தலையிலேயே விட்டுவைக்கப் போகிறோம் என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது.

சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் வரலாறு 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வருகிறது. நெடுங்காலம் கைத்தொழில் பயிற்சிக்கே முதன்மை தந்த அந்தப் பள்ளி, 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகு ஓவியத்தையும் சிற்பத்தையும் மையமாகக் கொண்டது. மெரினாவில் நாம் நாள்தோறும் கடந்துபோகும் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு. அவருக்குப் பின் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பாவைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு நம்முடைய மண்ணிலிருந்து எப்படி நவீனமாக இருப்பது என்ற கேள்வியை மாணவர்களிடம் ஓயாமல் எழுப்பினார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டங்களும், வாசிக்க முடியாத எழுத்துகளும், கணக்குக் குறிகளும் நிறைந்திருப்பது அந்தக் கேள்விக்கு அவரே தேடிக்கொண்ட விடை.

கல்லூரியை விட்டு வெளியேறியவர்களுக்குப் பிழைப்பு இல்லை. ஓவியம் வாங்குவோர் அன்றைய சென்னையில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆகவே அவர்கள் ஒன்றுகூடி மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்ற இந்தக் குடியிருப்பை அமைத்தார்கள். பகலில் கைவினை, மீதி நேரத்தில் ஓவியம் என்று வாழ்ந்தவர்களின் உழைப்பு அது. 2026-இல் அதற்கு அறுபது ஆண்டு நிறைகிறது.

இந்த மரபை ஏன் நேரில் பார்க்க வேண்டும், இணையத்தில் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. பி.வி. ஜானகிராமின் செப்புச் சிற்பம் ஒன்றின் முன் சிறிது நேரம் நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போலவே, தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பி, முன்புறத்திலிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட உருவங்கள் அவருடையவை. கண்ணும் மூக்கும் ஆபரணமும் தகட்டின் மேல் கம்பியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அருகே போனால் சுத்தியல் பட்ட தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் வெளிச்சம் வேறொரு தடத்துக்கு மாறி, முகத்தின் பாவமே வேறாகிவிடும். கைப்பேசித் திரையில் இவற்றில் ஒன்றும் தெரியாது, உருவத்தின் வெளிக்கோடு மட்டுமே தெரியும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அதே முன்நோக்குச் சிற்ப முறையைப் பித்தளையும் செம்பும் எனாமலும் கொண்டு வேறொரு திசைக்கு எடுத்துச் சென்றார். இருவரின் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஒரு தலைமுறை இன்னொன்றிடமிருந்து எதைப் பெற்றது, எதை மறுத்தது என்பது விளங்கும். அருங்காட்சியகம் என்ற ஒன்று தேவைப்படுவதே இப்படி அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்காகத்தான். நான்கைந்து நாள் நடந்து முடிந்துவிடும் கண்காட்சி, எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், இதைச் செய்ய முடியாது.

கே. ராமானுஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவும் மையும் கொண்டு, மாளிகைகளும் பாம்புகளும் பறவைகளும் நெருக்கியடிக்கும் ஒரு கனவுலகத்தை மயிரிழைக் கோடுகளால் நிரப்பியவர் அவர். சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அவருடைய படங்களில் பல இன்று தனியார் சேகரிப்புகளில் இருக்கின்றன. அவரைப் பற்றிப் படித்துவிட்டு, அவருடைய கோடுகளை ஒருமுறை நேரில் பார்க்க விரும்பும் ஒரு கல்லூரி மாணவி எங்கே போவாள்?

கலை வேறு, தமிழ்ப் பண்பாட்டு வாழ்க்கை வேறு என்பதுபோல் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துறையூருக்கு அருகிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களுக்கு வரைந்த கோட்டோவியங்கள்தான் தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்தின. காந்தி நூற்றாண்டான 1969-இல் அவர் வரைந்த காந்தி உருவங்கள் ஒரே மனிதரை எத்தனை விதமான கோடுகளில் பிடிக்கலாம் என்று காட்டின. எழுத்தாளர்களும் ஓவியர்களும் நாடகக்காரர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய காலம் அது. புதுக்கவிதையும் நவீன நாடகமும் ஓவியமும் ஒன்றையொன்று எப்படி உரமிட்டு வளர்த்தன என்பதை, அந்த இதழ்களையும் மூல ஓவியங்களையும் அரங்க வடிவமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஓர் அறையையாவது நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தற்காலக் கலைக்கூடம் இருக்கிறதே என்று சிலர் நினைவூட்டலாம். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் நாணயங்களும் விலங்கியல் சேகரிப்பும் கொண்ட அத்தனை பெரிய நிறுவனத்தில், வாழும் கலை ஒரு துறையாக மட்டுமே இருக்க முடியும். தேசிய நவீனக் கலைக்கூடம் 1954-இல் டெல்லியிலும், 1996-இல் மும்பையிலும், 2009-இல் பெங்களூரிலும் திறக்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளிகளுள் ஒன்றைக் கொண்ட சென்னையில் அதற்குக் கிளை இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

‘கூட்டம் வராது’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. 2012-இல் கொச்சியில் பினாலே என்னும், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி தொடங்கியபோதும் இதே ஐயம் எழுந்தது. ஓவியக் கூடத்துக்குள் அதுவரை காலடி வைத்திராத குடும்பங்கள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குள் போனதை நாம் பார்த்தோம். ரசனை என்பது பழக்கத்தால் வருவது. மார்கழிக் கச்சேரிகளுக்கும் தை மாதப் புத்தகக் கண்காட்சிக்கும் சென்னை மக்கள் திரள்வது, பல்லாண்டுகளாக அந்த வாய்ப்பு தவறாமல் கிடைத்துவருவதால்தான். ஆனால் அரங்கின் வாசலிலேயே ஒருவரைத் தயங்கவைக்கும் காரணங்கள் சில உண்டு. படைப்புக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் துறை சார்ந்தவர்களுக்கே புரியும் நடையில் ஒட்டப்படும் குறிப்பு அவற்றில் முதன்மையானது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து, இதமான தமிழில் நான்கு வார்த்தை பேசி, கையில் தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவைக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரும்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னை உப்புக்காற்று வீசும் ஊர். ஈரப்பதம் ஏறினால் காகிதத்தில் பூஞ்சை படரும். செம்பு பச்சை பூக்கும். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் நெறி. ஆண்டு முழுவதும் இரவும் பகலும் குளிரூட்டியை ஓடவிடுவதும், பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதும், ஆவணங்களை எண்ணிமப்படுத்துவதும் ஓவியர்களின் கூட்டுறவு ஒன்று தன் சொந்தக் கையிருப்பிலிருந்து முடிவில்லாமல் செய்துகொண்டிருக்கக்கூடிய செலவுகள் அல்ல. பணிக்கர் 1977-இலும் ஆதிமூலம் 2008-இலும் நந்தகோபால் 2017-இலும் காலமாகிவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போரின் நினைவுகளைப் பதிவுசெய்யவும், குடும்பங்களின் பரண்களிலும் அலமாரிகளிலும் கிடக்கும் வரைவுப் புத்தகங்களையும் கடிதங்களையும் பெற்றுப் பேணவும் நமக்கு அதிக அவகாசம் இல்லை.

கவின்கலைக் கல்லூரி தன் 175 ஆண்டுகளை நிறைவுசெய்திருக்கும் இந்த வேளையில், தமிழ்நாடு அரசு நகருக்குள் ஒரு நிரந்தரத் தற்காலக் கலை அருங்காட்சியகத்தை அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது புதிய கண்ணாடி மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. மின்தொடர் வண்டியிலோ பேருந்திலோ இறங்கி நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு பழைய அரசுக் கட்டடமே போதும். அதை நடத்தும் குழுவில் ஓவியர்களும் பாதுகாப்பு வல்லுநர்களும் ஆசிரியர்களும் இருக்கட்டும், கொள்முதலுக்கென்று ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கப்படட்டும், இன்று வரைந்துகொண்டிருக்கும் இளைஞர்களின் படைப்புகளும் அதில் வாங்கப்படட்டும். சோழமண்டலத்தோடு ஓர் உடன்படிக்கை செய்து, அங்குள்ள சேகரிப்பின் பராமரிப்புக்கு உதவுவதை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.