ஆட்டம் முடியட்டும், அப்புறம் சால்வை போடுங்க

சனிக்கிழமை ராத்திரி நம்ம ஊர்க் கபடி இறுதி ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, காரில் வந்த கட்சிப் பிரமுகருக்குச் சால்வை போட்ட வீடியோவை நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். துபாய், சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் வரைக்கும் போய்விட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அன்றைக்கு மைதானத்தில் என்ன சொன்னேனோ அதையேதான் இங்கேயும் சொல்கிறேன். ஆட்டம் முடியட்டும், அப்புறம் சால்வை போடுங்க. இந்த ஒரு வரிக்காகத்தான் என்னை விழாக்குழு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம்.

வீடியோவில் வராதது கொஞ்சம் இருக்கிறது. எடுத்தவர் கார்கள் உள்ளே வந்த பிறகுதான் போனையே எடுத்தார். அதற்கு முந்தைய நிமிடத்தை அவர் பிடிக்கவில்லை. இறுதி ஆட்டம், இரண்டாம் பாதி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். போச்சம்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் எதிர்க் களத்துக்குப் பாடிப் போயிருக்கிறான், அதாவது ரெய்டு. காலேஜ் முதல் வருஷம் இருக்கும், ஒல்லியான உடம்பு. எதிரில் மூன்று பேர்தான் மிச்சம். பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், அவர்களுக்கு இரண்டு புள்ளி, ஆட்டமே திரும்பிவிடும். இவன் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினால் அவர்கள் கதை முடிந்தது. கயிற்றுக்கு வெளியே ஒருத்தரும் உட்காரவில்லை. அந்த நேரத்தில் மைக்கில், "அண்ணன் அவர்கள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், வீரர்கள் ஆட்டத்தை நிறுத்தி ஒத்துழைப்புத் தரவும்." நடுவர் விசில் ஊதினார். பையன் எதிர்க் களத்தின் நடுவில் அப்படியே நின்றான். அந்த ரெய்டு என்ன ஆனது? ஸ்கோர் ஷீட்டைப் போய்ப் பார்த்தேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் பார்த்தது. சரவெடி, சால்வை, அதற்கு மேல் இன்னொரு சால்வை. ஏற்கெனவே அறிமுகம் முடிந்த வீரர்களுக்கு மறுபடியும் அறிமுகம். பிறகு பேச்சு. கபடி தமிழனின் வீர விளையாட்டாம், நம் மாநில விளையாட்டாம். உண்மைதான் ஐயா. அந்த மாநில விளையாட்டு ஓரமாக, முழங்காலில் கை வைத்துக்கொண்டு, தை மாசக் குளிரில் வியர்வை காய நின்றுகொண்டிருந்தது. பேசி முடித்ததும் அடுத்து ஒரு கல்யாண வரவேற்பு இருக்கிறது, கோப்பையை இப்போதே கொடுத்துவிடலாம் என்றார்கள். யாருக்குக் கொடுப்பது? இன்னும் யாரும் ஜெயிக்கவில்லையே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு கேப்டன்களும் கோப்பையின் காதை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, நடுவில் அண்ணன். போட்டோ. கார்கள் கிளம்பின, பாதிக் கூட்டமும் அதோடு கிளம்பியது.

சரி, மிச்சத்தை ஆடுங்கள் என்றால் ஒரு பையனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. உடம்பு சூடாக இருக்கும்போது அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? கடைசியில் மணி பத்து தாண்டிவிட்டது, மைக் போடக் கூடாது, அனுமதி இல்லை என்று இரண்டு அணியையும் கூட்டு வெற்றியாளர் என்று அறிவித்துவிட்டார்கள். பேச்சு நடந்தபோதே பத்து தாண்டியாகிவிட்டது. அப்போது யாருக்கும் சட்டம் ஞாபகம் வரவில்லை. மறுநாள் அண்ணனின் ஆட்கள் போட்ட போட்டோவில் இரண்டு கேப்டன்களின் தலையும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. கை மட்டும் இருக்கிறது, கோப்பையின் காதில்.

இதைத்தான் "சின்ன விஷயம், விடுப்பா" என்கிறார்கள்.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கபடி இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவும் ஈரானும் 28-28. கடைசி நிமிடங்கள். நம் அணியின் பவன் ஷெராவத்தின் ஒரு ரெய்டுக்கு எத்தனை புள்ளி என்று சண்டை வந்து ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோனது. இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர்களை நாம் அன்றைக்குத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அங்கேயும் மிச்சத்தை ஆடித்தான் முடித்தார்கள். 33-29 என்று இந்தியா ஜெயித்த பிறகுதான் தங்கம். நேரம் ஆகிவிட்டது, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சீனாவில் யாரும் சொல்லவில்லை. விதியைப் பற்றிச் சண்டை வந்து ஆட்டம் நின்றால் அது ஆட்டத்துக்காக நின்றது. கல்யாண வரவேற்புக்காக நின்றால் அதை என்ன சொல்வது?

இப்போது சிலர் வருவார்கள். "நீ அந்தக் கட்சி, அதனால் பேசுகிறாய்." நான் எந்தக் கட்சி என்று என் வீட்டுக்காரிக்கே தெரியாது. இதே மைதானத்துக்கு வேறு கொடி கட்டிய வண்டி வந்த வருஷமும் இதேதான் நடந்தது. போதுமா?

"அவர்கள் பணம் கொடுக்காவிட்டால் போட்டியே கிடையாது." இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான். ஒத்துக்கொள்கிறேன், முதல் பரிசுத் தொகை அவர்கள் தந்தது. சின்னப் பணம் இல்லை. ஆனால் பந்தல் யார் போட்டது? சாப்பாட்டுக்கு அரிசி எந்த மண்டியிலிருந்து வந்தது? கடைக்குக் கடை ரசீது புத்தகத்தோடு ஏறி இறங்கியது யார்? ஃபோகஸ் லைட் என் கடையிலிருந்து போனது, வாடகை நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். தக்காளி விலை விழுந்து கிடந்த நேரத்திலும் பாலக்கோட்டுப் பக்கத்து வியாபாரி ஒருத்தர் நூறு ரூபாயாவது எழுதிக்கொள் என்றார். அவர் வந்து ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாரா? நூறு ரூபாய் கொடுத்தவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பணம் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்றால் அதற்கும் ஒரு ரேட் போட்டு நோட்டீஸில் அச்சடித்துவிடுங்கள். முதல் பரிசு இவ்வளவு, ஆட்டத்தை நிறுத்த இவ்வளவு. எங்களுக்கும் தெளிவாக இருக்கும்.

"அரசாங்கம் எவ்வளவோ செய்கிறதே?" செய்கிறது. இல்லை என்று யார் சொன்னது? 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்திக் காட்டினார்கள், நானும் பெருமைப்பட்டேன். முதலமைச்சர் கோப்பையில் நம் மாவட்டப் பிள்ளைகள் போய் ஆடிவிட்டு வருகிறார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதும் ஜெயலலிதா இரண்டு கோடி அறிவித்தார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அந்தத் தம்பி தொடர்ந்து மூன்று முறை மேடையேறிவிட்டார். அதையெல்லாம் யார் குறை சொன்னார்கள்? அங்கே வரிசை சரியாக இருக்கிறது. அவர் தாண்டினார், அப்புறம் பரிசு வந்தது. குச்சியை நோக்கி ஓடிவரும்போது குறுக்கே போய் யாரும் சால்வை போடவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். என் அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியாது. அக்கா பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். வெறுங்காலில் ஓடுவாள். ஒரு வருஷம் அவளுக்கு முதலிடம். மதியம் மூன்று மணிக்கே பந்தயங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, ஆனால் பரிசு கொடுக்க வேண்டிய பிரமுகர் வரவில்லை. இதோ வருகிறார், தர்மபுரி தாண்டிவிட்டார், காரிமங்கலம் வந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். இருட்டின பிறகு வந்தார். அக்கா கப்பை வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் எங்கள் ஊர்க் கடைசி டவுன் பஸ் போய்விட்டது. கூட வந்த டீச்சர் பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார். ராத்திரி ஊர்க்கோடியில் ஒரு பெண் பிள்ளை பால் வண்டியிலிருந்து இறங்கினாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே ஓட்டம் கீட்டம் எல்லாம் வேண்டாம் பாப்பா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது. அந்தப் பிரமுகருக்கு இது தெரியவே தெரியாது. அவர் அன்றைக்குப் பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

அக்கா இப்போது ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் மகனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். 2025 ஜூன் 3 ராத்திரி பெங்களூரு ஐ.பி.எல். அணி ஆர்.சி.பி. பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பையைத் தூக்கியதும் மறுநாள் சின்னசாமி மைதானத்துக்குப் போயே தீருவேன் என்று நின்றான். ஷிப்டு மாற்றித்தர ஆள் கிடைக்காததால் போகவில்லை. அன்றைக்கு அந்த வாசல்களில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். கர்நாடகச் சட்டமன்றமான விதான சௌதா படிக்கட்டில் தலைவர்கள் நின்று பாராட்டு விழா, வெளியே மைதான வாசலில் பிணம். நேற்று ராத்திரி ஜெயித்த அணிக்கு இன்றைக்கே, இந்த மதியமே விழா எடுக்க வேண்டும் என்ற அவசரம் யாருடையது? அணி எங்கேயாவது ஓடிப்போய்விடுமா? ஒரு வாரம் கழித்து, ஒழுங்காக டிக்கெட் கொடுத்து, ஏற்பாடு செய்து நடத்தியிருந்தால் கோப்பை துருப்பிடித்திருக்குமா? ஆமாம், அங்கே அணி நிர்வாகத்தின் மேலும் குற்றம் சொன்னார்கள், போலீஸ் மேலும் சொன்னார்கள். அதெல்லாம் இருக்கட்டும். படிக்கட்டில் நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் சொல்வேன்.

அதே வருஷம் செப்டம்பர் 28, துபாயில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். பாகிஸ்தானை 5 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். திலக் வர்மா 69 அடித்துக் கடைசிவரை நின்றார். கோப்பை கொடுக்க நின்ற மொஹ்சின் நக்வி ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவர், பாகிஸ்தான் வாரியத் தலைவரும் அவரே, அந்த நாட்டு உள்துறை அமைச்சரும் அவரே. அவர் கையால் வாங்க மாட்டோம் என்று நம் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். நக்வி தரப்பில் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம் கேப்டன் சூர்யகுமார் வெறுங்கையால் கோப்பை தூக்குவதுபோல் நடித்துக் காட்டினார். அது சரியா தப்பா என்று கேட்டுக்கொண்டு கமெண்டில் வராதீர்கள், பஹல்காம் தாக்குதல் எனக்கும் மறக்கவில்லை. நான் பார்ப்பது வேறு. ஓர் ஆட்டக்காரனுக்குக் கோப்பை கொடுக்கும் இடத்தில் உள்துறை அமைச்சருக்கு என்ன வேலை? அங்கே ஜெயித்தும் கோப்பை இல்லை. இங்கே ஜெயிக்காமலே கோப்பை. இரண்டு இடத்திலும் நடுவில் நின்றவர் ஒரே ரகம்.

இதை எழுதும்போதே தெரிகிறது, அடுத்து என்ன வரும் என்று. "துபாயையும் நம்ம ஊர் மைதானத்தையும் ஒப்பிடுகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா?" இருக்கிறது. அங்கே கோடி, இங்கே ஆயிரம். ஆட்டக்காரனை ஓரமாக நிறுத்துவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் பந்தல்காரனுக்கு மாலை போடுகிற மாதிரி.

உண்மையைச் சொன்னால் அந்த அண்ணன் மேல்கூட எனக்கு இப்போது அவ்வளவு கோபம் இல்லை. அவர் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னதை நான் காதால் கேட்கவில்லை. வந்தார், காரிலிருந்து இறங்கினார். நிறுத்தியது நாம். மைக் பிடித்தவன் என்னோடு படித்தவன். விசில் ஊதிய நடுவர் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவர். கேட்டால், "என்ன பண்றது மாமா, அடுத்த வருஷம் கிரவுண்டுக்குப் பர்மிஷன் வேணுமே" என்கிறார். அவர் சொல்வதும் புரிகிறது. 2023-இல் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி வரத் தாமதமாகி, நெடுஞ்சாலை மறியல், கல்வீச்சு, கண்ணீர்ப்புகை என்று போனதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? எருது ஓடவும் ஒரு கையெழுத்து வேண்டும், பையன் பாடிப் போகவும் ஒரு கையெழுத்து வேண்டும். அதனால்தான் காரைப் பார்த்ததும் நம் கை தானாகவே சால்வையைத் தேடுகிறது. பர்மிஷன் கேட்டு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன், கூட வருகிறேன். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு பையனின் ரெய்டை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது உங்களுடையது இல்லை.

ஃப்ளெக்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. பதினாலு தலை இருந்தது அதில், ஒன்றுகூடக் கபடி ஆடிய தலை இல்லை. விடுங்கள்.

அடுத்த வருஷமும் லைட் வேண்டுமென்றால் தருகிறேன். வாடகை வேண்டாம். யார் வேண்டுமானாலும் வரட்டும், எந்தக் கொடியாக இருந்தாலும் சரி, முன்வரிசையில் நாற்காலி போடுவோம். கடைசி விசில் வரைக்கும் அதில் உட்கார்ந்திருக்கட்டும். வேறு வேலை இருந்தால் அந்த வேலைக்குப் போகட்டும், கோப்பையைக் கொடுக்க ஊரில் ஒரு பழைய ஆட்டக்காரர் கிடைக்காமலா போவார்? இதை நோட்டீஸில் ஒரு வரியாகப் போட விழாக்குழுவுக்குத் தைரியம் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

காலையிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டு, பதிவை எடுத்துவிடு, உன் கடைக்கு நல்லதில்லை என்றார்கள். அவர்களும் நம் ஆட்கள்தான், நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், நம்புகிறேன். எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லாமல் இங்கே கீழே பெயர் போட்டுச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.