லாக்கிங் மென்பொருள் தேடும் புதிய ஹாம்களுக்கு: பதிந்ததை வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்த புதிதில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். எந்த ரிக் (வானொலிக் கருவி) வாங்கலாம், யாரோடு எப்போது பேசினோம் என்று பதிய எந்த லாக்கிங் மென்பொருள் போடலாம். முதல் கேள்விக்குப் பாதி பதிலைக் கையிலிருக்கும் காசே சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியில்தான் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிப் புதியவரைத் திணறடிக்கிறோம். கான்டெஸ்ட் ஆடுகிறவர் என்1எம்எம் என்பார். டிஎக்ஸ், அதாவது தொலைதூர நிலையங்களைப் பிடிக்கிறவர் டிஎக்ஸ்லேப் என்பார். லினக்ஸ்காரர் சிக்யூஆர்லாக்கைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டார். அவரவருக்கு அது சரிதான். ஆனால் கேட்டவர் யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் நாலு நண்பர்களோடு பேசுகிறவர். வேலை முடிந்து வந்து ராத்திரி அரை மணி நேரம், கணினி வழியாகச் சிறு செய்தி பரிமாறும் எஃப்டி8 பார்க்கிறவர். எப்போதாவது ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தில்) தலை காட்டுகிறவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். எந்த மென்பொருள் என்பது இரண்டாவது கேள்வி. இன்று பதிந்ததை நாளைக்கு ஒன்றும் சிந்தாமல் வெளியே எடுத்து இன்னொன்றில் போட முடியுமா என்பதே முதல் கேள்வி. அதற்கு ஆம் என்று பதில் வந்தால், பார்க்க எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அது நல்ல மென்பொருள். இல்லை என்றால், திரை முழுக்க உலக வரைபடமும் டிஎக்ஸ் கிளஸ்டரும் (எந்தத் தொலைதூர நிலையம் எங்கே கேட்கிறது என்ற நேரடிப் பட்டியல்) ஓடினாலும் வேண்டாம்.

இந்தப் பொழுதுபோக்கு நாற்பது ஐம்பது வருடம் கூடவே வரும். மென்பொருள் அவ்வளவு காலம் வராது. சைமன் பிரவுன் எழுதிய ஹாம் ரேடியோ டீலக்ஸ் என்ற மென்பொருள் பல வருடம் இலவசமாக இருந்தது, உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். 2011இல் அது கைமாறியது, அடுத்து வந்த பதிப்புகள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை ஆயின. அதில் தவறு ஒன்றும் இல்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான். காசு கொடுக்க விரும்பாதவரும் தன் லாக்கை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதற்குக் காரணம் ஏடிஐஎஃப் என்ற பொது வடிவம். 1996இல் முன்மொழியப்பட்டு இன்றுவரை வளர்ந்துவருகிறது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து: கால்சைன் (நிலையத்தின் அழைப்புக்குறி) இது, இத்தனை எழுத்து, பேண்டு (அலைவரிசைப் பட்டை) இது, தேதி இது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். இருபது வருடம் கழித்து எந்த லாக்கிங் நிரலும் ஓடாத கணினியில்கூட அந்தக் கோப்பு படிக்கக் கிடைக்கும்.

"எல்லா மென்பொருளும் ஏடிஐஎஃப் தருகிறதே" என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் எல்லாவற்றையும் தருகிறதா என்று பார்க்க வேண்டும். சில கைபேசிச் செயலிகள் கால்சைன், நேரம், பேண்டு, மோடு (குரலா, எஃப்டி8ஆ என்பது), சிக்னல் ரிப்போர்ட் என்று ஐந்தாறு விவரங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் எழுதிய குறிப்பு, எந்த இடத்திலிருந்து பேசினீர்கள், பேசியதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் கார்டு வந்ததா என்பதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். கற்பனையாகப் பத்து காண்டாக்ட் (இன்னொரு நிலையத்தோடு பேசிய பதிவு) போடுங்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள். ஏடிஐஎஃப் ஆக ஏற்றுமதி செய்து வேறொரு மென்பொருளில் இறக்கிப் பாருங்கள். எது காணாமல் போயிற்று என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆயிரம் காண்டாக்ட் சேர்ந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது நேரம். இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. லாக் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்க வேண்டும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பத்தாம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு 40 மீட்டரில் ஐரோப்பிய நிலையம் ஒன்றைப் பிடித்தால், லாக்கில் அது ஒன்பதாம் தேதி 22:30. டிஎக்ஸ் நன்றாகக் கேட்கும் அந்த நேரத்தில்தான் தேதியும் மாறிப்போகிறது. அமெரிக்காவின் ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் என்ற இணையச் சேவை, இரண்டு பேரின் பதிவும் முப்பது நிமிடத்துக்குள் ஒத்துப்போனால்தான் காண்டாக்டை உறுதிசெய்யும். அரை மணியை விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் என்று தோராயமாகக் கழித்தால்கூட நீங்கள் அந்த எல்லையில் போய் நிற்பீர்கள். ஆகவே மென்பொருளைத் திறந்ததும் யூடிசி நேரத்தைத் தானாகவே போடுகிறதா, உள்ளூர் நேரத்தைக் கேட்டுக் குழப்புகிறதா என்று பாருங்கள். கேட்கிறது என்றால் அமைப்புகளில் மாற்ற முடியுமா என்று தேடுங்கள். முடியாவிட்டால் அது நமக்கானது இல்லை.

இடமும் அதே அளவு முக்கியம். நம்மில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை செய்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது பையில் ஒரு சின்ன ரிக்கும் கம்பி ஆன்டெனாவும் கூடவே போகும். உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்த குறியீடுதான் கிரிட். சென்னையின் கிரிட் என்கே03. மதுரை எம்ஜே99. திருச்சி எம்கே90. கோவை எம்கே81. மதுரையிலிருந்து போட்ட காண்டாக்ட் சென்னைக் கிரிட்டில் பதிவானால், எதிர்முனையில் கிரிட் சேகரிக்கிறவருக்குத் தவறான தகவலைக் கொடுக்கிறோம். அவர் இந்தியாவிலிருந்து அந்த ஒரு கட்டத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவராக இருக்கலாம். இடம் மாறும்போது ஒரு சொடுக்கில் நிலைய விவரத்தை மாற்றவும், ஒவ்வொரு காண்டாக்டோடும் அந்த விவரத்தைச் சேர்த்துப் பதியவும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஆபரேட்டருக்கு டிஎக்ஸ் கிளஸ்டரைவிட இது ஆயிரம் மடங்கு பயன்படும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏடிஐஎஃப்பின் வழக்கமான கோப்பு அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் என்று வகுக்கப்பட்டது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். ஒரு நிரல் எழுத்தை எண்ணி எழுதி, இன்னொரு நிரல் பைட்டை எண்ணிப் படித்தால், பெயர் பாதியில் வெட்டுப்படும், சில சமயம் பதிவே குலைந்துபோகும். பிற மொழி எழுத்துகளுக்காக ஏடிஎக்ஸ் என்று வேறு வடிவம் இருக்கிறது. ஆனால் அதை ஆதரிக்கும் மென்பொருள்கள் குறைவு. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். தமிழில் பேசிய பேச்சின் குறிப்பைத் தமிழில் வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. மென்பொருள் எழுதுகிற நம் இளைஞர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். அதுவரை பெயர், ஊர் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் போடுங்கள், தமிழ்க் குறிப்பைத் தனியாக எழுதி வையுங்கள்.

எஃப்டி8 மட்டும் போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்களுக்கு இப்போதைக்குத் தனி மென்பொருளே தேவையில்லை. எஃப்டி8 போட உதவும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் தானாகவே ஒரு ஏடிஐஎஃப் கோப்பை எழுதிக்கொண்டிருக்கிறது. எஃப்டி8க்கு நேரம் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் கணினிக் கடிகாரமும் சரியாகவே இருக்கும். அந்தக் கோப்பை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுத்தால் போதும். குரலில் பேசத் தொடங்கும்போது தனி லாக் வைத்து, இதை அதற்குள் இறக்கிக்கொள்ளலாம்.

பெயர் சொல்லுங்கள் என்றால் சொல்கிறேன். விண்டோஸில் லாக்4ஓஎம். இலவசம், நிலைய விவரங்களை ஒழுங்காக வைத்துக்கொள்கிறது, பழக ஒரு வார இறுதி ஆகும். லினக்ஸில் சிக்யூஆர்லாக் கனமாகத் தோன்றினால் கேலாக் போதும். மேக்கில் ரம்லாக். வெளியிடங்களில் கைபேசியில் பதிய ஹாம்2கே போலோ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, தட்டச்சு செய்யும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கிறது. சொந்தமாகச் சர்வர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு வேவ்லாக். என்1எம்எம்மைப் போட்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அரட்டைக்கு அது எழுதப்படவில்லை.

ரிக்கோடு கேபிள் போட்டு இணைப்பது பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் ரிக் வைத்திருப்பவர்கள், மென்பொருளில் யேசு நிறுவனத்தின் எஃப்டி-817 என்று தேர்வு செய்தால் அலைவரிசை தானாக வந்துவிடும். பழைய பிட்எக்ஸ் என்றால் கையால் எழுதுங்கள். ஒரு காலையில் ஐந்து காண்டாக்ட் போடுகிறவருக்கு அதில் ஒரு சிரமமும் கிடையாது.

இணையத்தில் ஏற்றியாயிற்று, இனி பயமில்லை என்று யாரும் இருக்க வேண்டாம். 2024 மே மாதம் ஏஆர்ஆர்எல்லின் கணினி அமைப்புகள் மீது தாக்குதல் நடந்தபோது லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் ஜூலை தொடக்கம்வரை கிடைக்கவில்லை. சொந்த லாக் வைத்திருந்தவர்களுக்கு அது காத்திருப்பு மட்டும்தான். தவிரவும் அது உறுதிசெய்யும் இடம், லாக் வைக்கும் இடம் இல்லை. பேசியவரின் பெயரும் உங்கள் குறிப்பும் அங்கே தங்காது. அங்கே ஏற்றுவதற்கு நீங்கள் யார் என்று காட்டும் சான்றிதழ் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். கணினி கெட்டுப்போனால் புதியதில் தொடர அது வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தை மூட்டை கட்ட வேண்டாம் என்றும் சொல்வேன். நம் நாட்டின் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகள், தனித்தாள்களில் இல்லாமல் கட்டுப்போட்ட புத்தகத்தில் பதிவேடு வைக்கச் சொன்னவை. விதியை விடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேயருக்குப் போய், அந்தமானுக்கான வியு4 என்று தொடங்கும் கால்சைனில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. டிஎக்ஸ் நிலையம் அன்றே அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. கால்சைன், ஐம்பத்தொன்பது (நன்றாகக் கேட்கிறது என்ற சிக்னல் ரிப்போர்ட்), நன்றி என்று எழுதப் பழகிய லாக்கில், யார் யாருக்கு என்ன சொல்லி அனுப்பினார், அது போய்ச் சேர்ந்ததா என்று எழுத இடமில்லை. புயலும் வெள்ளமும் வருடா வருடம் வருகிற கடற்கரையில் இருக்கிறோம். மின்சாரம் போன ராத்திரியில் பேட்டரியை ரிக்குக்கு விட்டுவைத்து, ஒரு புத்தகமும் பென்சிலும் எடுத்து, எழுத்துப் புரியும்படி நேரத்தோடு செய்திகளைக் குறிக்கிற பழக்கம் இப்போதே வேண்டும். வாராந்திர நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் வானொலியில் கூடிப் பேசும் சந்திப்பில்) ஒரு நாள் கணினியை அணைத்துவிட்டு அப்படி எழுதிப் பாருங்கள். மறுநாள் உட்கார்ந்து அதை மென்பொருளில் ஏற்றுங்கள்.