மாமாவின் பவள வைத்தியம்

மாமா: வசந்தி, கொஞ்சம் இங்கே வா அம்மா. நம் லெதர் பவளம் போய்விட்டது.

வசந்தி: எங்கே போய்விட்டது மாமா? மீன்தொட்டியில்தானே நிற்கிறது.

மாமா: உயிர் போய்விட்டது என்கிறேன். கல் விழுந்ததிலிருந்து தலை சுருங்கியே கிடக்கிறது. ஒரு பாலிப்கூட, அந்தக் குட்டிப் பூ மாதிரி இருக்குமே, அதுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

வசந்தி: கல் எப்படி விழுந்தது?

மாமா: நத்தை தள்ளிவிட்டது.

வசந்தி: அவ்வளவு பெரிய பாறையை நத்தையா தள்ளியது?

மாமா: நத்தையைத் தேடிப் போன என் கையும் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

வசந்தி: சரி, அதன்பிறகு என்ன செய்தீர்கள்?

மாமா: பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்குக்கு அருகில் தூக்கி வைத்தேன். அங்கே அதற்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. கீழே இறக்கினேன். பிறகு மூலைக்கு மாற்றினேன். தெம்புக்கு இரண்டு வகை டானிக் ஊற்றினேன். பசிக்குமே என்று மீன் தீனியைத் தலையில் தூவினேன். நோயாளிக்குக் காற்றுப் படக்கூடாது என்று பம்பையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வசந்தி: கல் ஒரு முறைதான் விழுந்தது மாமா. நீங்கள் தினமும் விழுகிறீர்கள்.

மாமா: கிண்டல் இருக்கட்டும். மேலே பளபளவென்று ஏதோ படிந்திருக்கிறதே, அது அழுகல்தானே? தேய்த்து எடுக்கப் பல் துலக்கும் பிரஷ் வைத்திருக்கிறேன்.

வசந்தி: அந்தப் பிரஷை இப்படிக் கொடுங்கள். அது மெழுகுப் படலம். லெதர் பவளம் தோல் மாதிரி இருக்கும் மென்பவளம். அது அவ்வப்போது சுருங்கி, மேல்படலத்தைக் கழற்றிப் போடும். அதிலே பாசியும் அழுக்கும் சேர்ந்து போய்விடும். சில நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அந்தப் படலத்தை அடித்துக்கொண்டு போக நீரோட்டம் வேண்டும். நீங்களோ பம்பை நிறுத்திவிட்டீர்கள்.

மாமா: இதோ போட்டுவிடுகிறேன். நேராக அதன் முகத்திலேயே திருப்பி வைக்கட்டுமா?

வசந்தி: வேண்டாம், சதை கிழியும். கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் ஓட்டம் போதும். ஆனால் இந்த ஓரத்தைப் பாருங்கள். கல் பட்ட இடம் கறுத்து, கூழாகிக் கரைகிறது. இதுதான் அழுகல். இதை வெட்டித்தான் ஆகவேண்டும்.

மாமா: ஐயோ, கத்தியா? நான் அதனிடம் நல்ல வார்த்தை சொல்லிப் பார்க்கிறேனே.

வசந்தி: புதுப் பிளேடு, கையுறை, தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு கிண்ணம். தொட்டிக்குள்ளே வெட்டக்கூடாது. கறுப்பைத் தாண்டி, நல்ல சதையிலும் சிறிது சேர்த்து வெட்டவேண்டும். பிறகு பவளத்துக்கென விற்கும் அயோடின் கரைசலில், புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் முக்கி எடுத்து, அலசி, பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். வடிகட்டியில் கரி போடுங்கள்.

மாமா: அடுப்புக்கரி ஒரு மூட்டை இருக்கிறது!

வசந்தி: அது அடுப்பிலேயே இருக்கட்டும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கரி வேண்டும். மென்பவளத்துக்குக் கெட்டியான எலும்புக்கூடு கிடையாது, ஓடவும் முடியாது. வேதிப்பொருள்தான் அதன் ஆயுதம். காயம்பட்டால் அதைத் தண்ணீரில் கக்கும், பக்கத்துப் பவளங்கள் வாடிப்போகும். அதைத்தான் கரி இழுத்துக்கொள்கிறது.

மாமா: பார்த்தால் சாதுவாக இருக்கிறது! அப்படியானால் சாப்பாடு?

வசந்தி: அதன் சதைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுகின்றன.

மாமா: வீட்டோடு சமையல்காரரா! கொடுத்து வைத்த பிறவி.

வசந்தி: நீங்கள் திடீரென்று விளக்கடியில் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சமையல்காரர்தான் முதலில் ஓடுவார், பவளம் வெளுத்துவிடும். போகட்டும், தண்ணீர் அளவுகள் எப்படி?

மாமா: கச்சிதம். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. காரத்தன்மை நேற்று 7, இன்று 11. சராசரி 9, நீ சொன்ன அதே அளவு!

வசந்தி: பவளத்துக்குச் சராசரி தெரியாது மாமா. 9 என்றால் தினமும் 9 இருக்கவேண்டும். டானிக் புட்டிகளைப் பரணில் ஏற்றுங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்?

மாமா: சுத்தமாகப் பூஜ்யம். இராப்பகலாக உழைத்துக் கொண்டுவந்தேன்.

வசந்தி: கொஞ்சம் அழுக்கு வேண்டும். 5 முதல் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 5 முதல் 10 பங்கு இருந்தால் மென்பவளத்துக்குச் சுகம்.

மாமா: உழைப்பெல்லாம் வீணா! சரி, வெட்டிய துண்டைக் குப்பையில் போடுவதா?

வசந்தி: அழுகியதைப் போடுங்கள். அதோடு வந்த நல்ல துண்டு ஏதாவது இருந்தால், வலைத்துணியால் ஒரு சிறு கல்லோடு தளர்வாகக் கட்டி வைத்தால் ஒட்டிக்கொண்டு தனிப் பவளமாக வளரும். பசை போடவேண்டாம், வழவழப்பில் நழுவிவிடும்.

மாமா: தனிப் பவளமாகவா? அப்படியானால் மீதியையும் நான்காக…

வசந்தி: பிளேடைக் கீழே வையுங்கள் மாமா.

மாமா: வைத்துவிட்டேன். அது தேறும்வரை நான் ஏதாவது செய்யவேண்டாமா? சும்மா உட்கார முடியாது.

வசந்தி: கண்ணாடியைத் துடையுங்கள்.

மாமா: அப்பாடா! சட்டைக் கையை மடித்துக்கொள்கிறேன்.

வசந்தி: மடிக்கவேண்டாம். வெளிப்பக்கத்தைச் சொன்னேன்.