சொல்லச் சொல்ல எழுது

(1922, அமெரிக்காவின் மொன்டானா. 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கம் 320 ஏக்கர் சும்மா தருகிறது என்று ரயிலேறி வந்த குடும்பம். 1917-இலிருந்து மழை பொய்த்துவிட்டது. தார்க் காகிதம் அடித்த ஒற்றை அறை வீடு. சுவரெல்லாம் பழைய செய்தித்தாள். மகள் அதைப் படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றாள். இப்போது மொன்டானாவின் தலைநகர் ஹெலினாவில் ஒரு வக்கீலிடம் செக்ரட்டரி. லீவில் வந்திருக்கிறாள்.)

அப்பா: பேங்க்குக்கு லெட்டர் போடணும். மூடறதுக்குள்ள போய்ச் சேரணும்.

மகள்: மூணு மணிக்குள்ளயா?

அப்பா: மொத்தமா மூடறதுக்குள்ள. ஊர் ஊரா பேங்க் விழுந்துக்கிட்டிருக்கு. நான் சொல்லச் சொல்ல எழுது. என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?

மகள்: கிரெக் சுருக்கெழுத்துப்பா. எவ்வளவு வேகமாப் பேசினாலும் பிடிச்சிடுவேன். சொல்லுங்க.

அப்பா: "மதிப்பிற்குரிய ஐயா"... என்ன மதிப்பு, நாசமாப் போறவன். "விதைக்கடன் தவணையைத் தள்ளிப் போடணும். முந்தின வருஷம் மழையில்ல. போன வருஷம் வெட்டுக்கிளி." ஏய், மாடு தோட்டத்துல நிக்குது, ஓட்டுங்க! "ஆழமா உழுதா ஈரம் நிக்கும்னு ரயில் கம்பெனிக்காரன் நோட்டீஸ் அடிச்சான். அதை நம்பி வந்த என்னைச் செருப்பால அடிக்கணும்." எங்க, படி.

மகள்: "மதிப்பிற்குரிய ஐயா என்ன மதிப்பு நாசமாப் போறவன் விதைக்கடன் தவணையை..."

அப்பா: ஐயையோ!

மகள்: "...வெட்டுக்கிளி ஏய் மாடு தோட்டத்துல நிக்குது..."

அப்பா: மாட்டையுமா எழுதினே!

மகள்: சொல்லச் சொல்ல எழுதுன்னீங்களே.

அப்பா: இதையா டைப் அடிச்சு அனுப்பப் போறே?

மகள்: எங்க வக்கீலும் இப்படித்தான் திட்டிக்கிட்டே சொல்வாரு. நான் "தங்கள் கடிதம் கிடைத்தது"ன்னு ஆரம்பிப்பேன். உங்களுக்கு இவ்வளவு போதும்: "தொடர் வறட்சியை முன்னிட்டு, அடுத்த அறுவடை வரை தவணையை நீட்டிக்க வேண்டுகிறேன்."

அப்பா: செருப்பு?

மகள்: 'தொடர் வறட்சி'க்குள்ள இருக்கு.

அப்பா: நாள் பூரா அந்த மெஷினைத் தட்டறியே, கை வலிக்காது?

மகள்: டவுன் பொண்ணுங்க சாயங்காலமானா விரலை நீவிக்கிட்டு உட்காருவாங்க. கார்பன் வெச்சு நாலஞ்சு காப்பி எடுக்கணும்னா ஓங்கித் தட்டணும். நான் எட்டு வயசுல பால் கறக்க உட்கார்ந்தவ. கடைசிக் காப்பியும் பளிச்சுன்னு விழும்.

அப்பா: பார்த்தியா! அந்த மாட்டை வாங்கினது யாரு?

மகள்: அடுப்புக்கு வறட்டி பொறுக்க விட்டதும் நீங்கதான். அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

அப்பா: சரி, விஷயத்துக்கு வர்றேன். மேற்கால நிலத்துக்காரப் பையன் உன்னைக் கேக்கறான். 320 ஏக்கர். கிணறு வேற.

மகள்: தண்ணி இருக்கா?

அப்பா: கிணறு இருக்கு.

மகள்: வீடு?

அப்பா: நிலம் பேருக்கு வரணும்னா வீடு கட்டியிருக்கணுமே. 12க்கு 14ன்னு நில ஆபீஸ்ல சத்தியம் பண்ணியிருக்கான்.

மகள்: அடியா, அங்குலமா?

அப்பா: அதை அங்க யாரும் கேக்கல.

மகள்: அப்பா, தாலி... சரி, மோதிரம் ஏறின அன்னிக்கே ஆபீஸ்ல கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. கல்யாணமான பொம்பளைக்கு அங்க நாற்காலி கிடையாது.

அப்பா: போனாப் போகுது. சம்பளத்துக்கா உன்னைப் பெத்தேன்?

மகள்: இந்த 320 ஏக்கருக்கு வருஷா வருஷம் வரி கட்டறது யாரு?

அப்பா: ...

மகள்: போன மாசம் மாவு மூட்டை?

அப்பா: பையனுக்கு இருமல் வேற இருக்கு. பார்த்தாலே ஆரோக்கியமாத் தெரியல.

மகள்: அவனுக்கும் ஒரு லெட்டர் சொல்லுங்க.

அப்பா: "அன்புள்ள தம்பி, நீ நல்ல பையன்தான், உங்கப்பாவும் நானும் ஒரே ரயில்ல வந்தோம், ஆனா பொண்ணு ஹெலினாவுல பெரிய வேலையில..." ஏம்மா, அதுக்குள்ள எழுதி முடிச்சிட்டியா? ஒரு கோடுதானே இருக்கு!

மகள்: 'வேண்டாம்'னு எழுத அவ்வளவுதாம்ப்பா ஆகும்.